ஊருணியா, ஆர்.ஓ.வா, காவிரிக் குழாயா? ஒரு கடலோர ஊராட்சியின் கணக்கு

ராமநாதபுரம் கடலோரத்தில், சாயல்குடி தொடங்கி கீழக்கரை வரை, எந்த ஊராட்சியின் கிராம சபைக்குப் போனாலும் தண்ணீர்ப் பேச்சு வந்ததும் கேட்கிற குரல்கள் அதேதான். ஒருவர் புது போர் போடச் சொல்வார். இன்னொருவர், பக்கத்து ஊரில் வைத்த மாதிரி உப்பைப் பிரித்தெடுக்கிற ஆர்.ஓ. பிளான்ட் வேண்டும் என்பார். மூன்றாமவர், காவிரித் தண்ணீர்க் குழாய்தான் இருக்கிறதே, அதை ஒழுங்காக விடச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்பார். கடைசியில் வயதான ஒருவர் எழுந்து, மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற ஊர்க் குளமான ஊருணியைப் பற்றி ஆரம்பிப்பார். அதற்குள் டீ வந்துவிடும்.

நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊராட்சி கையில் இருக்கிற பணத்துக்கு ஏதாவது ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும். நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் என்று கட்டி வைத்த பங்கு உண்டு (15ஆவது நிதிக்குழு அதை 30 சதவீதமாக வைத்தது). வேலை உறுதித் திட்டத்தில் மண்வேலைக்கு ஆள் கிடைக்கும். எம்.எல்.ஏ. நிதியில் கொஞ்சம் கேட்டு வாங்கலாம். அவ்வளவுதான். அதனால் எது முதலில், எது அப்புறம், எது வேண்டவே வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. என் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஊருணி. ஆனால் எல்லா ஊருக்கும் அல்ல.

எவ்வளவு தண்ணீர், எந்தத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் தண்ணீரே இல்லை என்பது பாதி உண்மைதான். தண்ணீர் இருக்கிறது, உப்பாக இருக்கிறது. மழையும் பெய்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்து வீடுகளில் அண்டா தனி, குடம் தனி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணி. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது, டீ திரிந்துபோகும். இந்தப் பாகப்பிரிவினையைப் பெண்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். திட்டம் போடுகிறவர்கள்தான் இன்னும் ‘தண்ணீர்’ என்று ஒரே தலைப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடலாம். ஊரில் 300 வீடு, 1,200 பேர் என்று வையுங்கள். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. மொத்தம் 66,000 லிட்டர். இதில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லிட்டர் தாராளம். அது 8,400 லிட்டர்தான். மீதி 57,600 லிட்டர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் காரியம் நடக்கும். இந்திய தர நிர்ணயமும், கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. ஆக, ஊர் முழுக்க உப்பில்லாத தண்ணீர் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது எட்டாயிரத்துச் சொச்சம் லிட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு வழியும் வேறு மாதிரித் தெரியும்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் இலவசம் இல்லை. தண்ணீர் வண்டிக்காரரிடம் குடம் பத்து ரூபாய் என்று வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ரெண்டு குடம், வருஷத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல். 300 வீட்டுக்கும் சேர்த்தால் 22 லட்சத்தை ஒட்டி வரும். அந்தப் பணம் ஊராட்சிக் கணக்கில் எங்கும் ஏறாததால் செலவே இல்லை என்று தோன்றுகிறது.

புது போர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஆழமாக போர் போட்டு பெரிய மோட்டார் வைப்பது அந்த உப்பை நாமே கூப்பிட்டு உட்கார வைப்பது மாதிரி. முதல் வருஷம் தண்ணீர் இனிக்கும். அதைப் பார்த்து நாலு பேர் போர் போடுவார்கள். அப்புறம் எல்லோருக்கும் கரிக்கும். ஒருமுறை உப்பேறிய மணல் மறுபடி இனிக்க எத்தனை மழை வேண்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஊருக்குப் பக்கத்தில் மணல்மேடு இருந்தால் அதன் அடியில் மழை தங்கியிருக்கும். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். காய்ந்த ஊருணிகளின் தரையிலும் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நிதானம்தான் அங்கே தொழில்நுட்பமே. கொட்டாங்குச்சி அளவுக்கு ஊறுகிறது, கொட்டாங்குச்சி அளவுக்கு எடுக்கிறோம். மணல்மேடு உள்ள ஊர், ஆழமான ஒரு போருக்குப் பதிலாகத் தள்ளித் தள்ளி நாலைந்து உறைகிணறு இறக்கி, கைபம்போ சின்ன மோட்டாரோ வைக்கலாம். அந்த மேட்டில் மணல் அள்ளவும் இறால் குட்டை வெட்டவும் விடக்கூடாது. விட்டால் கிணறு இறக்கியதில் பிரயோசனம் இல்லை.

ஆர்.ஓ. பிளான்ட்

திறப்பு விழாவுக்கு இதைப் போல வசதியானது வேறில்லை. தகரக் கொட்டகை, நீல நிறத் தொட்டி, காசு போட்டால் ஊற்றுகிற குழாய், ரிப்பன். தண்ணீரும் நன்றாகவே இருக்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஓடும் என்பது இதன் பெரிய பலம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் மூன்று இடத்தில். முதலாவது கழிவு. உப்பு மாயமாகப் போய்விடாது, ஒதுக்கப்படுகிறது. 3,000 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரில் பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால், மீதிப் பாதி ஏறக்குறைய 5,700 டி.டி.எஸ். உள்ள தண்ணீராக வெளியே வரும். நம் ஊர்க் கணக்குக்கு தினமும் 8,400 லிட்டர். அது எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டுவார்கள். பின்னால் உள்ள பள்ளத்தில் தேங்கி, மணலில் இறங்கி, அதே போருக்குத் திரும்பி வருகிறது. வருஷா வருஷம் போர் தண்ணீர் கூடுதலாகக் கரிக்க, உப்பை வடிக்கிற மெல்லிய சவ்வான மெம்பரேன் கூடுதலாகத் திணறும். கடலுக்கோ உப்பங்கழிக்கோ குழாய் போட்டுக் கழிவைக் கொண்டுபோக வழியிருந்தால் மட்டும் இந்தப் பேச்சையே எடுக்கலாம்.

இரண்டாவது ஆள். மெம்பரேன் ரெண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும். அதற்கு முன்னாலேயே மணல் வடிகட்டியை நாள் தவறாமல் பின்னோக்கி அலச வேண்டும், அடைப்பு வந்தால் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். இதைத் தெரிந்தவருக்குச் சம்பளம், கரண்டு பில், உதிரி பாகம் எல்லாம் மாதா மாதம் வரும் செலவு. கட்டுவதற்குத் திட்டம் பணம் தரும், ஓட்டுவதற்கு யாரும் தருவதில்லை. பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. நரிப்பையூரில் 1990களின் கடைசியில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது மாவட்டத்தின் தாகமே தீர்ந்ததாகப் பேசினார்கள். அப்புறமும் சுற்றுவட்டாரப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைவது நிற்கவில்லை. அரசே காவிரிக் குழாயை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது.

மூன்றாவது, காசு. பிளான்ட் தனியாருக்குக் குத்தகையாகப் போனால் குடத்து விலை அவர் சொல்வதுதான். ஊராட்சியே நடத்தினால் விலையை ஏற்ற எந்தத் தலைவருக்கும் மனசு வராது, ஏற்றாவிட்டால் மெம்பரேனுக்குப் பணம் சேராது.

காவிரிக் குழாய்

திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிற தண்ணீர் இது. இந்த மாவட்டத்துக்கு நடந்த பெரிய நல்ல காரியங்களில் ஒன்று என்றே சொல்வேன். வேறு எந்த வழியாலும் ஊர் முழுக்க 66,000 லிட்டர் கொடுக்க முடியாது. அதோடு, வீட்டு வாசலில் வருகிற குழாய் யார் வீடு என்று கேட்பதில்லை. ஊருணியில் எந்தத் தெருக்காரர் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்று வழக்கம் வைத்திருந்த ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. தொட்டியும் குழாயும் வந்ததால் சாதி ஒழிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் குழாய் ஒரு படி முன்னேற்றம்தான்.

குறை என்னவென்றால், நாம் வால்பகுதியில் இருக்கிறோம். வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், எந்த நீரேற்று நிலையத்தில் கரண்டு போனாலும், முதலில் காய்வது கடைசி ஊர். வருகிற நாளிலும் மேட்டுத் தெருவுக்கு ஏறாது, ஏனென்றால் பள்ளத் தெருவில் பாதிப் பேர் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். மெயின் குழாயில் வால்வு கசிகிற இடத்தில் குழி தோண்டிக் குடம் வைத்துக் காத்திருக்கிற கூட்டத்தை ரோட்டோரத்தில் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தைத் திருடர்கள் என்று சொல்லப் பழகிவிட்டோம். வால்வில் கசிகிற தண்ணீர்தான் சில ஊர்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே தண்ணீர்.

மேலே அணையிலும் நீரேற்று நிலையத்திலும் நடப்பதை ஊராட்சியால் மாற்ற முடியாது. ஊருக்குள் முடிந்தது இரண்டு. ஒன்று, தரைமட்டத் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது. தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்றால் நாலு நாளைக்குப் பிடித்து வைக்கிற தொட்டி வேண்டும். ஒரு நாள் தொட்டியை வைத்துக்கொண்டு நாலு நாள் பற்றாக்குறையைத் திட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு, உறிஞ்சும் மோட்டார்களைக் கழற்றுவது. இதற்குப் பணம் வேண்டாம், தைரியம் வேண்டும். முதல் மோட்டார் பெரும்பாலும் வார்டு உறுப்பினர் வீட்டில்தான் இருக்கும்.

ஊருணி

நம் ஊர்க் கணக்குக்கு எவ்வளவு பெரிய ஊருணி வேண்டும்? மேலே 50 மீட்டருக்கு 50 மீட்டர், மூன்று மீட்டர் ஆழம், கரை சரிந்து இறங்குகிறது என்றால் சுமார் 60 லட்சம் லிட்டர் பிடிக்கும். மார்கழியில் நிரம்பி நிற்கிறது என்று வையுங்கள். தை முதல் புரட்டாசி வரை வெயிலில் ஆவியாகியும் தரையில் கசிந்தும் பாதி போய்விடும். மிச்சம் 30 லட்சம். அந்த ஒன்பது மாதத்துக்கு 1,200 பேர் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது 23 லட்சம் லிட்டர். அடியில் கலங்கலாக நிற்பதைக் கழித்தாலும் ஒப்பேறிவிடும். கரண்டு வேண்டாம், மெம்பரேன் வேண்டாம், உப்பு வெறும் மழைத் தண்ணீர் அளவுதான்.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. குளிக்கவும் துவைக்கவும் இதே ஊருணியில் இறங்கினால் பங்குனிக்குள் காலி. அதனால்தான் பழைய ஊர்களில் குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி, மாட்டுக்குத் தனி.

பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. ‘ஊருணி தூர்வாருதல்’ என்றதும் ஜே.சி.பி.யை இறக்கி ஆழப்படுத்துவார்கள். எவ்வளவு ஆழமோ அவ்வளவு பில். நம் கடலோர மண்ணில் ஊருணியைத் தாங்கிப் பிடிப்பது அடியில் உள்ள களிமண் படுகை. அது சில இடங்களில் நாலைந்து அடிதான் இருக்கும். அதைக் கிழித்துவிட்டால் கீழே மணல், மணலுக்குள் உப்புத் தண்ணீர். ஒன்று, சேர்த்த மழையெல்லாம் அந்த ஓட்டை வழியே இறங்கிவிடும். இல்லாவிட்டால் கோடையில் கீழேயிருந்து உப்பு ஊறி வரும். தலைமுறை தலைமுறையாக இனித்த ஊருணி ஒரு தூர்வாரலில் கரித்துப்போவது இப்படித்தான். ஆகவே ஒரு கைத்துளை போட்டு, களிமண் எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இயந்திரம் இறங்க வேண்டும். வண்டல் வரைக்கும் எடு, களியைத் தொடாதே. வண்டலை வயலுக்கு அடித்துக்கொண்டு போக விவசாயிகளே வண்டி கொண்டு வருவார்கள். கொள்ளளவு கூட வேண்டுமென்றால் ஆழத்தை விட்டுக் கரையை உயர்த்து.

ஆழத்தைவிட முக்கியம் வரத்துக்கால், அதாவது ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவருகிற வாய்க்கால். பருவமழையில் 500 மில்லிமீட்டர் பெய்து அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே ஒரு ஏக்கர் நிலம் நாலு லட்சம் லிட்டர் கொடுக்கும். 60 லட்சம் லிட்டர் ஊருணி நிரம்ப 15 ஏக்கர் வரத்து நிலம் போதும். அந்தப் 15 ஏக்கர் இன்றைக்கு என்னவாக இருக்கிறது என்று மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். புது ரோடு போட்டபோது குழாய்ப்பாலம் வைக்க மறந்திருப்பார்கள், தண்ணீர் ரோட்டின் அந்தப் பக்கமே நின்றுவிடும். வாய்க்காலில் சீமைக்கருவை அடைத்திருக்கும். யாரோ ஒருவர் வாய்க்காலின் மேல் மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார். ஆக்கிரமிப்பை எடுக்கச் சட்டம் இருக்கிறது என்றாலும், பாதி இடங்களில் சட்டம் வரை போகவே வேண்டாம், கொட்டகைக்கு அடியில் ரெண்டு சிமென்ட் குழாய் பதித்தால் ஆளும் சண்டைக்கு வரமாட்டார், தண்ணீரும் வந்துவிடும். கருவையை வெட்ட ஊராட்சி செலவு செய்ய வேண்டியதில்லை. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு ஏலம் விட்டால் பணம் வரும். தூரோடு எடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுத மறந்தால் மட்டும் ரெண்டு வருஷத்தில் பழையபடி காடு.

அப்புறம் தண்ணீரின் தரம். ஊருணித் தண்ணீரைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் உண்டு, நியாயமாகவே. பழைய காலத்தில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும்போது கலங்கல் அடியில் பாய் விரித்த மாதிரி படிந்திருக்கும், மேலே கண்ணாடி. ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை, கிருமி அப்படியே இருக்கும். படியிறங்கித் தண்ணீரில் கால் வைத்து மொண்ட காலத்தில்தான் நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் பரவியது. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996இல், ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000இல். அந்தப் பழைய படித்துறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஊருணியைச் சுற்றி வேலி. கரையில் ஒரு உறைகிணறு. ஊருணிக்கும் கிணற்றுக்கும் நடுவே மணலும் ஜல்லியும் அடுக்கிய வடிகட்டி. கிணற்றின் மேல் மூடி போட்டு கைபம்ப். தண்ணீர் மணலில் வடிந்து கிணற்றுக்கு வரும், யாரும் ஊருணியைத் தொட வேண்டாம். கிணற்றில் அளவாகக் குளோரின் போட வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டி ஊராட்சி அலுவலக பீரோவில் பிரிக்காமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊருணியின் பெரிய பலவீனம், மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அந்த மாதிரி வருஷத்தில் 15 ஏக்கர் வரத்து பாதி ஊருணியைக்கூட நிரப்பாது. அந்த வருஷத்துக்குத்தான் காவிரிக் குழாயும், அதுவும் இல்லாத ஊருக்கு ஆர்.ஓ.வும்.

இன்னொரு பலவீனம் வேலியின் சாவி. யார் தெருவில் சாவி இருக்கிறதோ அவர்கள் ஊருணி என்று ஆகிவிடக்கூடாது. கிணற்றையும் கைபம்பையும் எல்லாத் தெருக்காரர்களும் வந்து போகிற பொது ரோட்டை ஒட்டி வைக்க முடியவில்லை என்றால், தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புப் பக்கமாக வையுங்கள். மற்றவர்கள் நடந்து வரட்டும்.

கூரைத் தண்ணீர்

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பெரும்பாலான வீடுகளில் கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விடுவதாகவே அது நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு அது சரி. உப்பு நிலத்தில் குழிக்குள் விடுவது, கைக்கு வந்த நல்ல தண்ணீரை உப்பில் ஊற்றுவது. இங்கே தொட்டியில்தான் பிடிக்க வேண்டும்.

500 சதுர அடி ஓட்டு வீடோ மெத்தை வீடோ பருவமழையில் மட்டும் 18,000 லிட்டர் தரும். நாலு பேருக்கு ஒன்பது மாதம் குடிக்கச் சமைக்க ஏழாயிரத்து ஐந்நூறுதான். எட்டாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், தொட்டியின் ஒவ்வொரு வாயிலும் கொசுவலை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். ஓலைக் கூரைக்கு இது ஆகாது. 300 வீட்டுக்கும் தொட்டி கட்ட ஊராட்சியிடம் பணமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஊரை விட்டுத் தள்ளி ஏழெட்டு வீடாக இருக்கிற மீனவர் குடியிருப்பு, இந்த மூன்றுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. ஏழெட்டு வீட்டுக்காகக் குழாயை ரெண்டு கிலோமீட்டர் இழுப்பதை நிறுத்தலாம்.

சரி, எதை எடுப்பது

வரத்துக்கால் இன்னும் திறந்திருக்கிற, அல்லது நாலைந்து குழாய்ப்பாலம் வைத்தால் திறந்துவிடக்கூடிய ஊர் என்றால், முதல் பணம் ஊருணிக்கு. அதிலும் முதல் ரூபாய் வாய்க்காலுக்கு, அடுத்தது கரைக்கும் வடிகட்டிக் கிணற்றுக்கும், மிஞ்சினால்தான் தூர்வார. காவிரிக் குழாய் தண்ணீரை மற்ற உபயோகத்துக்கு விட்டுவிட்டு, அது வராத நாளிலும் சோறு பொங்கும் என்ற நிலைக்கு வந்துவிடலாம்.

வரத்து நிலம் மனையாகிவிட்டது, நடுவில் ரோடு உயர்ந்துவிட்டது, ஊருணியைச் சுற்றி வீடுகளின் கழிவுநீர் இறங்குகிறது என்றால், ஊருணிப் பாசத்தை விட்டுவிடுங்கள். பாரம்பரியம் என்று பலகை வைத்து அதில் பணத்தைக் கொட்டுவது வீண். அந்த ஊருக்குத் தரைமட்டத் தொட்டியும், பொதுக் கட்டடங்களின் கூரைத் தொட்டிகளும்தான் சரி. மணல்மேட்டு ஊருக்கு ஆழமில்லாத கிணறுகள் முதலில்.

ஆர்.ஓ. பிளான்ட், கழிவு போக வழியும் மாதச் செலவுக்குத் தனிக் கணக்கும் இருக்கிற ஊருக்கு மட்டும், அதுவும் சின்னதாக. நன்கொடையாகத் தருகிறேன் என்று யாராவது வந்தாலும், மூன்று வருஷப் பராமரிப்பையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்கப்புறமும் உட்கார்ந்து பேசுகிறவர்தான் உண்மையில் தர வந்தவர்.

தீர்மானம் எழுதும்போது ‘குடிநீர்ப் பணி’ என்று பொதுவாக எழுதினால் அது எதுவாகவும் மாறிவிடும். எந்த வாய்க்கால், எந்த சர்வே எண், களிமண் எத்தனை அடி, எத்தனை அடிக்கு மேல் தோண்டக்கூடாது, பம்புக்கு யார் பொறுப்பு, குளோரினுக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று எழுதி வாங்குங்கள். ஊருணி ஊராட்சிக்குச் சொந்தமானது, ஆனால் அதற்கு வருகிற வாய்க்கால் வேறு துறையின் கண்மாயிலிருந்து பிரிந்து வருவதாக இருக்கலாம். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம் கேட்டு பயனில்லை, நீர்வளத் துறையிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதம் போய் வரவே மாதங்கள் ஆகும்.

அதனால் மார்ச் 22 கிராம சபையிலேயே தீர்மானம் போட்டுவிடுவது நல்லது. சித்திரையில் வேலை தொடங்கினால் ஆவணிக்குள் முடியும். டெண்டர் இழுத்துப் புரட்டாசியில் ஜே.சி.பி. இறங்கி, ஐப்பசி முதல் மழையில் ஊருணி நிரம்பிவிட்டால், எத்தனை கன மீட்டர் தோண்டினார்கள் என்று யாராலும் அளக்க முடியாது. பில் மட்டும் சரியாக வந்துவிடும்.